ஒச்சம்மாள், கணவர் பெயர் முத்திருளன்

உசிலம்பட்டி
12.3.2004

சென்னை மாநகரத்தில், ஐந்தாவது மாடியில், சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிர் வீசும் அறையில் கொலுவீற்றிருக்கும் என் மாப்பிள்ளை முத்துக்குமரன் சமூகத்துக்கு, உசிலம்பட்டி மாட்டுத் தரகர்களின் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய முத்திருளன் எழுதிக்கொண்டது. நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டது. திருமங்கலத்தில் உன் அம்மா சுகம். உன் சுகத்துக்கு எழுது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். பூத்தில் உன் நம்பரைப் போட்டு முடிப்பதற்குள் உன் அத்தை ரிசீவரைப் பிடுங்கிவிடுகிறாள். அவளுக்கு 'ரேடியோ ஒச்சம்மாள்' என்று ஊர் பட்டம் கொடுத்து இருபத்தைந்து வருஷமாகிறது. நம் தெருவில் மட்டும் ஒச்சம்மாள்கள் ஏழு பேர். எல்லோரும் குலசாமி பெயரையே வைத்ததில், ஒருத்தியைக் கூப்பிட்டால் ஏழு கதவு திறக்கும். பட்டப்பெயர் இல்லாவிட்டால் யார் பெண்டாட்டி யார் என்று எங்களுக்கே குழம்பியிருக்கும்.

அந்த ரேடியோ பொங்கலிலிருந்து பேச்சின் நடுவில் நிற்கிறது. மூச்சு வாங்குகிறது. முதலில் நான் குலசாமிக்கு நன்றி சொன்னேன். அப்புறம் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். மெயின் ரோட்டிலிருந்து கள்ளிப்பாறைக்குப் பிரியும் விலக்கில் இருக்கும் அரசு இருதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். மாற்ற வேண்டும், இலவசம், ஆனால் வரிசை.

பதிவுக் கவுண்டரில் சூடாமணி என்று ஒரு பெண். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்களுக்கு வேறு பாஷை, கவுண்டரில் மதுரைத் தமிழ் மணக்கிறது. "பேரு, வீட்டுக்காரர் பேரு, ஊரு, வயசு, பட்டப்பேரு" என்று வரிசையாகக் கேட்டாள். வயது யாருக்குத் தெரியும்? "நாப்பத்தஞ்சுன்னு போடும்மா" என்றேன். பட்டப்பெயரைக் கேட்டுச் சிரித்தாள். உன் அத்தைக்கு மூச்சு எங்கிருந்து வந்ததோ, கம்ப்யூட்டரைக் காட்டி, "இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதெல்லாம் எங்க நாத்தனா மகன் கம்பெனி செஞ்சதாக்கும்" என்று வரிசை முழுக்க ஒலிபரப்பிவிட்டாள்.

எண் 131. வாரத்துக்கு நாலு ஆபரேஷன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தீபாவளிக்கு உன் அத்தைக்குப் புடவை நான் எடுக்கிறேன், வால்வு அரசாங்கம் எடுக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமன், ஒற்றைக்கால் சக்கரவர்த்தி
முத்திருளன்


சென்னை
3.4.2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அத்தையைப் பற்றிப் படித்ததும் மனசு கேட்கவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏற வேண்டாம். (நம் வீட்டில் மாடியே இல்லை என்று எழுதாதீர்கள்.)

அத்தை சொன்னது உண்மைதான். அந்த ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனியுடையது. இப்போது என்னையே அந்த வேலையில் போட்டிருக்கிறார்கள். பதிவுப் படிவம் நீளமாக இருக்கிறது என்று புகார். தேவையில்லாத கட்டங்களைக் குறைத்துப் புது வெர்ஷன் கொடுக்கப் போகிறோம். அத்தையின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அத்தையை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
குமரன்


உசிலம்பட்டி
20.6.2004

கட்டங்களைக் குறைப்பவனும் கம்பெனிக்குக் கண்மணியுமான மாப்பிள்ளைக்கு, மாமன் எழுதுவது. முழங்கால்கள் இரண்டும் இப்போது கூட்டணி, எனக்கு எதிராக. மற்றபடி நலம்.

உன் புது வெர்ஷன் எழுந்தருளிய வைபவத்தைக் கேள். திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் போனோம். கவுண்டர் வாசலில் 'மென்பொருள் மேம்படுத்தப்படுகிறது' என்று பலகை. மூன்று நாள் மேம்பட்டது. அதற்குள் வரிசை விலக்கிலிருந்து புறப்பட்டு, திருமங்கலத்தைத் தாண்டி, கன்னியாகுமரிக் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பியது. நான்காம் நாள் சூடாமணி அழாத குறை. "இடது பக்கம் இருந்த பொத்தானக் காணோம்ணே. போன மாசம்தான் ஒரு வழியாப் பழகுனேன். கயித்த அத்துக்கிட்டு எங்கயோ போயிருச்சு" என்றாள். "நான் மாட்டுத் தரகன்மா, தேடித் தர்றேன்" என்று எட்டிப் பார்த்தேன். பொத்தான் கிடைத்தது. பட்டப்பெயர்க் கட்டம்தான் கிடைக்கவில்லை. அதை எங்கே ஓட்டிவிட்டீர்கள்?

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். கவுண்டர் அறைக்குக் கம்ப்யூட்டர் நாலு. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதென்று ஏசி. ஏசிக்கு ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு ஒரு காவலாளி, அவருக்கு ஒரு நாற்காலி. ஆபரேஷன் மேஜை மட்டும் பழைய ஒன்றே ஒன்று. அறுக்கும் டாக்டரும் ஒருவரே. அவரும் செவ்வாய், வெள்ளி மட்டும். வரிசை நிற்பவனுக்கு வைத்தியம் செய்யப் பணமில்லை, வரிசைக்கு வைத்தியம் செய்யப் பணமிருக்கிறது. வெர்ஷன் மாற்றி வெர்ஷன் வருகிறதே, அந்த மேஜைக்கு ரெண்டாவது வெர்ஷன் எப்போது மாப்ள வரும்?

எண் 79. உன் அத்தை இப்போது படுத்துத் தூங்குவதில்லை, சுவரில் சாய்ந்துதான். "குமரு கிட்ட இதெல்லாம் எழுதாதீங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி வரை வரிசையில் நின்ற
மாமன்


சென்னை
14.7.2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிரித்தேன், கொஞ்சம் வருத்தமும்தான்.

மேஜை வாங்குவது எங்கள் கையில் இல்லை மாமா. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எத்தனை பேருக்கு ஆபரேஷன் தேவை என்கிற சரியான கணக்கே இதுவரை அரசாங்கத்திடம் இல்லை. கணக்கு இருந்தால்தான் இரண்டாவது மேஜை கேட்க முடியும். அதற்குத்தான் இந்தப் பாடு.

ஒரு நல்ல செய்தி. காத்திருப்போர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஒன்றியம் மூன்றும் ஒன்றாக இருந்து, வயது வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடுகிறோம். 380 பேர் 290 ஆகிவிட்டார்கள். அதிகாரி கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார். அந்த விதியை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மருமகன்தான்! ஆகஸ்டு வெர்ஷனில் வருகிறது. அத்தையின் எண் கிடுகிடுவென்று இறங்கும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். இந்தச் செய்தியை அவர்களே ஒலிபரப்பட்டும்.

அன்புடன்,
குமரன்


உசிலம்பட்டி
29.8.2004

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. என் சுகத்தை அப்புறம் பார்க்கலாம். உன் அத்தையின் சுகத்தைக் கேள்: அவளுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது! மே மாதமே முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உன் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது.

கிடுகிடுவென்று இறங்கிய எண்ணைப் பார்க்க ஆசையாகப் போனோம். சூடாமணி திரையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "அண்ணே, சிகிச்சை முடிந்ததுன்னு காட்டுதே" என்றாள். நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றி மூடிவிட்டார்களாம். அத்தை கேட்டாள்: "ஏம்மா, அப்ப நான் எதுக்கு மூச்சு வாங்குறேன்?"

ஒரு நர்ஸ் அவளைத் துணித் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் நெஞ்சைப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை என்று வெளியே வந்து சொன்னது. அதைக் கம்ப்யூட்டரில் சொல்ல வழியில்லை. முடிந்தது முடிந்ததுதானாம். பெரிய அதிகாரியிடம் போனேன். "சிஸ்டத்துல நாங்க கை வைக்க முடியாதுங்க. புதுசாப் பதிஞ்சுக்கங்க" என்றார்.

புதிதாகப் பதிந்தோம். எண் 294.

நேற்றுவரை எங்களுக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர்தான் மாப்ள. பஸ் ஏறும்போது அத்தை விலக்கிலிருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பஸ்ஸை விட்டோம். மூன்றாவதில் ஏறினோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. கண்டக்டர் எங்கள் பழைய ஆள். இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அக்காவுக்கு என்னண்ணே?" என்றார்.

இது என்ன, எப்படி என்று நீ பார்த்து எழுது.

முத்திருளன்


சென்னை
10.10.2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். மன்னிக்கவும்.

அத்தை விஷயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இதுபோன்ற சில சிக்கல்கள் ஏற்பட்டிருப்பது தெரிகிறது. அடுத்த வெர்ஷனில் சரிசெய்யப்படும். சேர்ந்துபோன பதிவுகளைப் பிரிப்பது சுலபமில்லை, அனுமதிக் கடிதங்கள் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய ரசீதின் நகலை அனுப்பிவையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி எதிலாவது விசாரிக்கலாமா? இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

குமரன்


உசிலம்பட்டி
28.10.2004

அனுமதிக் கடிதங்களுக்கு நடுவே அல்லாடும் மாப்பிள்ளைக்கு, மாமன் எழுதுவது. நான் கல்லுப்போல இருக்கிறேன். ரசீது நகல் இதனுடன்.

தனியாரில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகைக்குச் சந்தையில் உள்ள மாடுகளோடு தரகர்களையும் சேர்த்து விற்க வேண்டும். எங்களுக்கு விலை கிடைக்காது.

அந்த ஆபரேஷன் யாருக்கு நடந்தது என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். உன் கம்பெனிக்கு எத்தனை மாதம் ஆகுமோ, எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. சந்தையில் கேட்டேன்: நம்ம ஒன்றியத்தில் முத்திருளன் பெண்டாட்டி ஒச்சம்மாள், நெஞ்சில் ஆபரேஷன் செய்தவள், யாரப்பா? "மொச்சைக்காரி ஒச்சம்மாளைக் கேக்குறீகளா?" என்றான் டீக்கடைக்காரன். அவித்த மொச்சை விற்பவள். தேடிப்போய் அவளிடம் வயதைக் கேட்டேன். "நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய முத்திருளன் லாரி டிரைவராக இருந்து செத்துப்போனான்.

சொன்னதும் கூடையைப் போட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தாள். உன் அத்தை காலடியில் உட்கார்ந்து, "அக்கா, ஒங்க ஆபரேசன நானா களவாண்டேன்?" என்று அழுதாள். அத்தை அவளுடைய முந்தானையை விலக்கித் தழும்பை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். "நல்லாத் தச்சிருக்காக" என்றாள். அப்புறம் மூச்சை இழுத்து, "நம்ம பேருல ஒருத்தி... பொழச்சுட்டாள்ல. பேரு வீணாப் போகல" என்றாள். இவ்வளவு பேச அவளுக்கு மூன்று தவணை.

அவளுக்கு வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரையாம். மாதம் ஒருமுறை விலக்கில் போய் வாங்குகிறாள்.

மாப்ள, ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே கொம்பு உள்ள இரண்டு செவலை மாடுகளை எதிரே நிறுத்து. சுழி பார்த்து எது எந்தத் தொழுவம் என்று சொல்வேன். முப்பது வருஷத்தில் ஒருமுறை தவறியதில்லை. இரண்டு பொம்பளைகளை ஒருத்தி என்று சொன்னவன் யாரோ, உனக்குத் தெரிந்திருந்தால் இங்கே அனுப்பு. சந்தையில் ஒருநாள் என் பக்கத்தில் நிற்கட்டும். திட்ட மாட்டேன்.

முத்திருளன்


சென்னை
9.11.2004

மாமா,

தீபாவளிக்கு வர முடியவில்லை. டிசம்பர் பதினைந்துக்குள் அத்தைக்குத் தேதி வாங்கிவிடுவேன். எப்படியும் வாங்கிவிடுவேன். அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள்.

குமரன்


உசிலம்பட்டி
4.1.2005

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.

டிசம்பர் ஆறாம் தேதி கேதத்துக்கு வந்தாய். நாலு மணி நேரம் அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்புவதற்குள் பஸ் ஏறிவிட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. உன் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு செய்தி. நேற்றுத் தபாலில் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. ஒச்சம்மாள், கணவர் பெயர் முத்திருளன், ஜனவரி பதினொன்றாம் தேதி அறுவை சிகிச்சை, வெறும் வயிற்றோடு வரவும். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய்.

கார்டை அவள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

முத்திருளன்


சென்னை
19.1.2005

மாமா,

இதை ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும். அத்தையையும் அந்த அம்மாவையும் சேர்த்தது என் விதி. ஜூலைக் கடிதத்தில் அதைப் பெருமையாக எழுதியவனும் நான்தான். உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது.

ஆனால் எழுதாதது ஒன்று இருக்கிறது. பட்டப்பெயர்க் கட்டத்தை எடுத்தவனும் நான். படிவம் நீளம் என்பதெல்லாம் பிறகு சொன்ன காரணம். ஒருநாள் ஆபீஸில் பட்டியலைப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொரு பட்டப்பெயராகப் படித்துச் சிரித்தார்கள். ரேடியோ ஒச்சம்மாள் வந்ததும் ஒருவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். இது என் அத்தை என்று நான் சொல்லவில்லை. நானும் சிரித்தேன் மாமா. அன்று மாலையே, இந்தக் கட்டம் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது இருந்திருந்தால் ரேடியோவும் மொச்சைக்காரியும் ஒன்றாகியிருக்க மாட்டார்கள். நம் ஊரில் பிறந்த எனக்குத் தெரியாத விஷயமில்லை.

பதிவுகளைப் பிரிக்கவும் முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிட்டது. யாருக்கும் தெரியாமல், சேர்ந்துபோன அந்தப் பதிவிலேயே, ஒரே ஆளுக்கு இரண்டாவது ஆபரேஷன் என்று நுழைத்துத்தான் அந்தத் தேதியை வாங்கினேன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது சொல்ல நினைத்தேன்.

குமரன்


உசிலம்பட்டி
6.2.2005

என் மாப்பிள்ளை முத்துக்குமரன் சமூகத்துக்கு, மாமன் முத்திருளன் எழுதிக்கொண்டது. முழங்கால்கள் நலம். என்னைக் கேட்காமலே விலக்கு வரைக்கும் போய் வருகின்றன.

நீ ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. ஆகஸ்டு மாதம் அந்தக் கவுண்டரில் நின்றபோதே உன் ஜூலைக் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தைக்கு வாசித்தும் காட்டினேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, உன்னைச் சொன்னதற்காக. அப்புறம், "அவன்கிட்ட கேட்டுறாதீங்க. பெரிய எடத்துல இருக்கான். வேல போயிரும்" என்றாள். அதனால் நான் கேட்கவில்லை; சந்தைக்கு அனுப்பு என்று மட்டும் எழுதினேன். நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு தபாலுக்கும் பார்த்திருந்தாள். ஆபீஸில் நீ சிரித்தது அவளுக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காக உன் தாமதத்துக்கு நன்றி.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நான் சக்கரவர்த்தி இல்லை. வெறும் தரகன்.

ஆபரேஷன் நாளன்று கார்டை எடுத்துக்கொண்டு விலக்குக்குப் போனேன். அந்த மேஜை சும்மா கிடக்கக் கூடாது, அடுத்தவனுக்குப் போகட்டும் என்றுதான். ஆள் இறந்துவிட்டாள், பெயரை எடுத்துவிடும்மா என்றேன். சூடாமணி விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். அழுத்தவில்லை.

"அண்ணே, இறப்புன்னு போட்டா பதிவே மூடிரும். அந்த மொச்சைக்காரம்மாவும் இதுக்குள்ளதான இருக்காங்க. அப்புறம் அவங்களுக்கு மாத்திரை கெடைக்காது. உசுரோட வந்து நின்னாலும் கெடைக்காது" என்றாள்.

எனக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள். இந்த முறை நான் மிகைப்படுத்தவில்லை, எண்ணிப் பார்த்தேன்.

"அப்ப வேண்டாம்மா" என்றேன். "இன்னைக்கு வரலைன்னு மட்டும் போடு."

வரவில்லை என்று போட்டாள். தேதி அடுத்தவனுக்குப் போனது.

ஆக, ஒச்சம்மாள், கணவர் பெயர் முத்திருளன், அரசாங்கக் கணக்கில் இருக்கிறாள். மாதம் தவறாமல் போய் மாத்திரை வாங்குகிறாள். ரத்தம் சரியாக இருக்கிறதாம், வால்வு நன்றாக வேலை செய்கிறதாம். போன செவ்வாய்க்கிழமை சூடாமணி திரையைப் பார்த்துச் சொன்னாள். கேட்க நன்றாக இருந்தது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

கடிதம் எழுதினால் அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும் என்று முடிப்பது உன் வழக்கம். இந்தத் தடவை விட்டுவிட்டாய். இனிமேல் விடாதே. உன் அத்தை நலம்.

அடுத்த வெர்ஷன் போடும்போது அவள் மேல் கை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
அவளுடைய கணவர் பெயர்,
முத்திருளன்